உறுப்பினர்களுக்கு மட்டும்: கிளப்பும் 'பொது' என்ற சொல்லும்



தாத்தா ரெட்டமலை சீனிவாசன் நினைவுச் சொற்பொழிவில் கிளப்புகளின் வரலாற்றைப் பேசப்போகிறோம் என்றதும் நம் அரங்கிலேயே சிலர் சிரித்தார்கள். சீட்டாட்டமும் பில்லியர்ட்ஸும் நமக்கு எதற்கு, பேச வேண்டிய வன்கொடுமை வழக்குகள் எத்தனையோ கிடக்கின்றன என்றார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் தாத்தா சட்டசபையில் செய்த முக்கியமான காரியத்தை முழுதாகப் புரிந்துகொள்ள வேண்டுமானால், அது எங்கே போய் நின்றது என்பதையும் பார்க்க வேண்டும். அது நின்ற இடங்களில் ஒன்று கிளப் வாசல்.

1924 ஆகஸ்டில் சென்னைச் சட்டசபையில் அவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, பாதை எதிலும் எவரும் நடக்கலாம். பொது அலுவலகம், பொதுக் கிணறு, குளம், பொதுமக்கள் கூடும் இடம் எதற்கும் சாதி இந்துக்கள் போவதுபோலவே ஒடுக்கப்பட்ட மக்களும் போகலாம். தீர்மானம் நிறைவேறியது. அரசு அதை 1925இல் அரசிதழில் வெளியிட்டது. இன்று நாம் முக்கொம்பில் மேலணைப் பாலத்தின் மேல் நடந்து, காவிரியும் கொள்ளிடமும் பிரியும் இடத்தைப் பார்த்துவிட்டு, பூங்காவில் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்திருக்கிறோம். 1836இல் ஆர்தர் காட்டன் இந்த அணையைக் கட்டத் தொடங்கியபோது இப்படி ஒரு கூட்டம் இங்கே உட்காரும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். இது அந்தத் தீர்மானம் வந்த வழியில் வந்த உரிமை.

தீர்மானத்தில் திரும்பத் திரும்ப வரும் சொல்லைக் கவனியுங்கள். பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொது அலுவலகம். உரிமை முழுவதும் 'பொது' என்ற சொல்லில் தொங்குகிறது. ஓரிடம் பொது இல்லை என்று சொல்லிவிட்டால் போதும், தீர்மானம் வாசலிலேயே நின்றுவிடும். கிளப் என்பது, 'இது பொது இல்லை' என்று சொல்வதற்காகவே உருவான அமைப்பு. வேடிக்கை என்னவென்றால், நாட்டின் பொதுக் காரியங்களில் பல அங்கே உட்கார்ந்துதான் முடிவாகியிருக்கின்றன.

இந்த அமைப்பு லண்டனிலிருந்து வந்தது. அங்கே 1832இல் கன்சர்வேடிவ் கட்சிக்காரர்கள் கார்ல்டன் கிளப்பைத் தொடங்கினார்கள். லிபரல்களுக்கு 1836இல் ரிஃபார்ம் கிளப். பெயருக்கு உணவும் ஓய்வும். நடந்ததோ வேட்பாளர் தேர்வு, தேர்தல் நிதி, மந்திரி சபைப் பேரம். 1922 அக்டோபரில் கார்ல்டன் கிளப்பில் கன்சர்வேடிவ் எம்.பி.க்கள் ஒரு காலைப் பொழுதில் கூடி எடுத்த முடிவில் லாயிட் ஜார்ஜின் கூட்டணி அரசே கவிழ்ந்தது. நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு நடக்கவில்லை. கிளப் கூடத்தில் நடந்தது.

கார்ல்டன் தொடங்கிய அதே 1832இல் நம் சென்னையில் மெட்ராஸ் கிளப் தொடங்கியது. இன்று எக்ஸ்பிரஸ் அவென்யூ வணிக வளாகம் நிற்கும் இடத்தில்தான் அது அன்று இருந்தது. உறுப்பினர்கள் வெள்ளை அதிகாரிகளும் வணிகர்களும். இந்தியர்களுக்கு இடமில்லை. இடம் கிடைத்தது 1960களில். அதாவது வெள்ளையன் போன பிறகும் பத்து ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கதவு சாத்தியே இருந்தது.

'இந்தியர்களுக்கு இடமில்லை' என்ற வாக்கியத்தை எல்லா நகர வரலாற்று நூல்களும் எழுதுகின்றன. அது பாதி உண்மை. இந்தியர்கள் உள்ளே இருந்தார்கள். சமையலறையில், பரிமாறும் இடத்தில், குதிரை லாயத்தில் இருந்தார்கள். மாட்டிறைச்சியையும் மதுவையும் தொடச் சாதி இந்துக்கள் தயங்கிய காலத்தில், வெள்ளையர் வீடுகளின் பட்லர்களிலும் சமையல்காரர்களிலும் நம் மக்கள் நிறையப் பேர். அயோத்திதாசப் பண்டிதரின் பாட்டனார் கந்தப்பன் ஹாரிங்டன் என்ற வெள்ளை அதிகாரியிடம் பட்லராக இருந்தவர். அவர் வழியாகத்தான் திருக்குறள் ஏட்டுச்சுவடி எல்லிஸ் துரையின் கைக்குப் போனது என்று பண்டிதர் எழுதியிருக்கிறார். தட்டு ஏந்தியவர் வீட்டில் சுவடி இருந்தது. அவர் ஊற்றிக் கொடுத்த மேசைகளில் என்னென்ன பேசப்பட்டன என்பதை அவரைப் போன்றவர்கள் கேட்டிருப்பார்கள். ஆனால் அவர்களை யாரும் கேட்கவில்லை. கிளப் வரலாறு உறுப்பினர் பட்டியலிலிருந்து எழுதப்படுகிறது. சம்பளப் பட்டியலிலிருந்து எழுதினால் வேறு மாதிரி இருக்கும். மாணவர்களில் யாராவது அந்த ஆய்வைச் செய்தால் நன்றாயிருக்கும்.

மெட்ராஸ் கிளப் மூடிய கதவுக்குப் பதிலாக 1873இல் காஸ்மோபாலிடன் கிளப் வந்தது. இந்தியரும் ஐரோப்பியரும் சமமாகப் பழகுவதற்கு என்று தொடங்கினார்கள். பெயரிலேயே உலகம் முழுக்க அடங்கிவிடும். ஆனால் பழகியவர்கள் யார்? வக்கீல்கள், திவான்கள், ஜமீன்தார்கள், பெரிய வணிகர்கள். வெள்ளையன் நிறம் பார்த்து நிறுத்தினான் என்று கோபப்பட்டவர்கள் தம் கிளப்பில் நிறம் பார்க்கவில்லை. சேரியிலிருந்து ஒருவர் விண்ணப்பிக்கக்கூடும் என்ற நினைப்பே அவர்களுக்கு வந்திருக்காது. விதிப்புத்தகத்தில் எழுதத் தேவைப்படாத தடை அது.

கிளப்பில் ஆள் சேர்க்கும் முறையை இங்கே விளக்க வேண்டும், ஏனென்றால் சூட்சுமம் அதில்தான் இருக்கிறது. புதிதாகச் சேர விரும்புபவரை ஓர் உறுப்பினர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும். பெயரை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். பிறகு ரகசிய வாக்கெடுப்பு. பழைய முறையில் ஒரு பெட்டிக்குள் கைவிட்டு உருண்டை போடுவார்கள். வெள்ளை உருண்டை என்றால் சம்மதம், கறுப்பு என்றால் மறுப்பு. கறுப்பு உருண்டை சிலவே விழுந்தாலும் ஆள் வெளியே. யார் போட்டது என்று தெரியாது. ஏன் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை, கேட்கவும் முடியாது. கிராமத்தில் நம்மைத் தடுக்கிறவன் எதிரில் நிற்கிறான், அவன் முகம் தெரிகிறது, பெயரைப் போட்டு வழக்குக் கொடுக்கலாம். இந்தப் பெட்டிக்கு முகம் கிடையாது.

அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையில், சாதி என்பது தன்னைச் சுற்றி அடைத்துக்கொண்ட ஒரு வகுப்பு என்று விளக்கினார். ஒரு குழு கதவைச் சாத்திக்கொண்டால் வெளியே இருப்பவர்களும் விரும்பியோ விரும்பாமலோ குழுக்களாகிவிடுகிறார்கள் என்பது அவர் காட்டிய வழி. கிளப்பைப் பற்றி அவர் எழுதவில்லை. ஆனால் கிளப்பை விளக்க இதைவிட நல்ல கருவி நம்மிடம் இல்லை. அடுத்த ஆண்டே பரோடா அரசு வேலையில் அதை நேரில் அனுபவித்தார். பார்சி விடுதியிலிருந்து அவரைக் கம்புகளோடு வந்து விரட்டிய கதை எல்லோருக்கும் தெரியும். அங்கிருந்த அதிகாரிகள் கிளப்பிலும் மற்றவர்கள் ஆட, அவர் ஒரு மூலையில் தள்ளி உட்கார வேண்டியிருந்தது என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றுக் குறிப்புகள் சொல்கின்றன. கொலம்பியாவில் படித்தவர், மன்னரின் அதிகாரி; உறுப்பினர் கட்டணம் கட்டக்கூடியவர்தான்.

சென்னைக்குத் திரும்புவோம். கிளப்பும் அரசியல் சங்கமும் ஒரே ஆட்களின் இரண்டு முகங்களாக இருந்த காலம் அது. 1884இல் தொடங்கிய சென்னை மகாஜன சபை தன்னைப் 'பெருமக்கள் சபை' என்று சொல்லிக்கொண்டது. 1892இல் விக்டோரியா டவுன்ஹாலில் அதன் கூட்டத்துக்கு நீலகிரியின் பிரதிநிதியாகப் பண்டிதர் அயோத்திதாசர் போனார். தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி வேண்டும், விஷ்ணு, சிவன் கோயில்களில் எங்களுக்கும் நுழைவு வேண்டும் என்று கேட்டார். கோயில் என்றதும் சபை கொதித்தது. தஞ்சாவூரைச் சேர்ந்த சாஸ்திரி ஒருவர் எழுந்து, உங்களுக்குத்தான் மதுரைவீரன் இருக்கிறானே, சிவனும் விஷ்ணுவும் எதற்கு என்ற பொருளில் பேசினார். அப்படியானால் உங்கள் சாமிகள் எங்களுக்கு வேண்டாம் என்று பண்டிதர் பதில் சொன்னார். இதை அவரே பின்னர் எழுதி வைத்திருக்கிறார். இந்தச் சம்பவத்தை நாம் வழக்கமாகக் கோயில் நுழைவின் வரலாற்றில் வைத்துப் படிக்கிறோம். உறுப்பினர் சேர்க்கையின் வரலாற்றிலும் வைத்துப் படிக்கலாம். நாட்டின் பேரால் பேசிய சபை, தன் கூடத்துக்குள் வந்த மனிதனுக்குத் தனிச் சாமியைக் காட்டியது.

1903இல் மயிலாப்பூர் கிளப். இந்தப் பெயர் அரசியல் சொல்லாகவே ஆனது. மயிலாப்பூர் கோஷ்டி, எழும்பூர் கோஷ்டி என்று பத்திரிகைகள் எழுதின. மயிலாப்பூர்ப் பக்கம் வி. கிருஷ்ணசாமி ஐயர், பி.எஸ். சிவசாமி ஐயர், பிறகு சி.பி. ராமசாமி ஐயர். எழும்பூர்ப் பக்கம் சி. சங்கரன் நாயர், 1905இல் 'தி இந்து'வை வாங்கிய கஸ்தூரிரங்க ஐயங்கார் போன்றவர்கள். கவர்னரின் நிர்வாக சபையில் இந்தியருக்கு இடம் கொடுத்தபோது 1911இல் கிருஷ்ணசாமி ஐயர், அவர் இறந்த பின் சிவசாமி ஐயர், 1920களில் சி.பி. என்று அந்த நாற்காலி மயிலாப்பூர் வட்டத்துக்குத் திரும்பத் திரும்ப வந்தது. வாக்குரிமை மிகச் சிலருக்கே இருந்த காலத்தில் தேர்தல் என்பதே பத்துப் பதினைந்து தெருக்களின் விவகாரம். உயர்நீதிமன்றம், பல்கலைக்கழக செனட், பத்திரிகை அலுவலகம், மாலையில் கிளப்; நான்கு இடத்திலும் அதே முகங்கள்.

நம் திருச்சியில் இந்த வேலையைக் கிளப்புகளைவிட வீடுகள் செய்தன. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி வேதாரண்யம் உப்பு யாத்திரையைத் தொடங்கியது டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து. யாத்திரை வீதிக்கு வந்தது, மக்கள் சோறு போட்டார்கள், அது உண்மையான மக்கள் இயக்கமாகவும் ஆனது. ஆனால் யார் போவது என்ற பட்டியல் போடும் கூடம் எப்போதும் யாரோ ஒருவருடைய கூடம்தான். இன்றைக்கு அந்த இடத்தில் சர்க்யூட் ஹவுஸும் ஸ்டார் ஓட்டல் அறையும் இருக்கின்றன.

1916இல் பி. தியாகராயச் செட்டியும் டி.எம். நாயரும் சி. நடேச முதலியாரும் சேர்ந்து தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தைத் தொடங்கியதற்கு இந்த மயிலாப்பூர் ஆதிக்கம் முக்கியக் காரணம். அந்தக் கோபத்தின் நியாயத்தை நாம் மறுக்கவில்லை. எம்.சி. ராஜாவும் நம்பிக்கையோடு அவர்களுடன் நின்றார். பதவிகள் வந்தன. 1921இல் பி அண்டு சி ஆலை வேலைநிறுத்தமும் புளியந்தோப்புக் கலவரமும் வந்தபோது, கட்சியின் தலைவர்கள் ஆதிதிராவிடர் மீதே பழியைப் போட்டார்கள். 1923இல் ராஜா வெளியேறினார். வாசலில் நிறுத்தப்பட்டவர்கள் பக்கத்தில் இன்னொரு வாசல் கட்டிக்கொண்டார்கள். 1873இல் நடந்தது மறுபடியும் நடந்தது.

கிளப் உலகத்தில் நம் ஆள் ஒருவர் தவிர்க்க முடியாதவராகிவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பல்வாங்கர் பாலு சாட்சி. பூனாவில் வெள்ளையர் கிளப்பில் ஆடுகளத்தைப் பராமரிக்கும் வேலை பார்த்தவர். வலைப் பயிற்சியில் வெள்ளை அதிகாரிகளுக்குப் பந்து வீசி வீசியே பெரிய பந்துவீச்சாளரானார். பூனா இந்துக்களின் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது, ஜெயிக்க வேண்டுமே. மைதானத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் வேளையில் அவருக்கு மட்டும் பெவிலியனுக்கு வெளியே மண் குவளையில் தேநீர் கொடுத்தார்கள். 1911இல் இங்கிலாந்து போய் நூற்றுக்கு மேல் விக்கெட் எடுத்து வந்தவர் அவர். ஆனாலும் இந்துக்கள் அணியின் தலைமை அவருக்குக் கிடைக்கவில்லை. அவருடைய தம்பி விட்டலுக்கு 1923இல்தான் கிடைத்தது.

சுதந்திரம் வந்தது, அரசியல் சட்டம் வந்தது. பிரிவு 17 தீண்டாமையை ஒழித்தது. பிரிவு 15(2) கடைகள், பொது உணவகங்கள், ஓட்டல்கள், பொதுக் கேளிக்கை இடங்கள், அரசு நிதியில் பராமரிக்கப்படும் அல்லது பொதுமக்களுக்கென விடப்பட்ட கிணறு, குளம், சாலை என்று அடுக்குகிறது. தாத்தாவின் 1924ஆம் ஆண்டுப் பட்டியலின் பேரப்பிள்ளை இது என்று படித்தவுடன் தெரியும். கூடவே பழைய இடைவெளியும் வந்துவிட்டது. கிளப் அந்தப் பட்டியலில் இல்லை. பிரிவு 19(1)(சி) சங்கம் அமைக்கும் உரிமையைத் தருகிறது. யாருடன் சேர்வது என்ற உரிமையில் யாரைச் சேர்க்காமல் விடுவது என்பதும் அடங்கும் என்பது கிளப்காரர்களின் வாதம். 2005இல் அகமதாபாத்தின் பார்சி வீட்டுவசதிச் சங்க வழக்கில், உறுப்பினராகப் பார்சிகளை மட்டுமே சேர்க்கலாம் என்ற துணைவிதியை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஒரு சிறுபான்மைச் சமூகத்தின் வழக்கு என்று அதைத் தனியாக வைத்துப் பார்க்கலாம். ஆனால் அதன் தர்க்கத்தைக் கையில் எடுத்துக்கொள்ள ஆதிக்கச் சாதிக் குடியிருப்புகளுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

சாதியின் பேரைச் சொல்லித் தடுத்தால் சட்டம் பாயும். கிளப் சாதியின் பேரைச் சொல்வதே இல்லை. காத்திருப்போர் பட்டியல் நீளம் என்பார்கள். முன்மொழிய ஆள் உண்டா என்பார்கள். நுழைவுக் கட்டணத்தைச் சொல்வார்கள். அல்லது உடையைப் பார்ப்பார்கள்.

உடை என்றதும் 2014 நினைவுக்கு வரும். அந்த ஆண்டு ஜூலையில், சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் நடந்த நூல் வெளியீட்டு விழாவுக்கு அழைப்பின்பேரில் போன உயர்நீதிமன்ற நீதிபதி டி. அரிபரந்தாமன், வேட்டி கட்டியிருந்ததால் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டார். வெள்ளையன் போட்ட விதி இன்னுமா என்று தமிழ்நாடே கொந்தளித்தது. சட்டசபையில் கட்சி வேறுபாடு இல்லாமல் எல்லோரும் பேசினார்கள். அடுத்த மாதமே சட்டம் வந்துவிட்டது. பொழுதுபோக்கு மன்றம், சங்கம், அறக்கட்டளை எதுவும் வேட்டி கட்டியவரைத் தடுக்கக்கூடாது. தடுத்தால் உரிமம் ரத்து, ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம்.

நல்ல சட்டம். நீதிபதி நின்ற நிலைப்பாட்டையும் மதிக்கிறோம். ஆனால் சட்டத்தின் பெயரைக் கவனியுங்கள்: பொது இடங்களில் நுழைவதற்கான உடைக் கட்டுப்பாடு நீக்கச் சட்டம். நூறாண்டுகளுக்கு மேல் 'நாங்கள் பொது இல்லை' என்று சொல்லித் தப்பித்த கிளப், ஒரே மாதத்தில் சட்டசபையின் கையால் 'பொது இட'மாகிவிட்டது! அரசு நினைத்தால் முடியும் என்பது இதில் தெளிவாகிறது. சங்கம் அமைக்கும் உரிமை, தனியார் சுதந்திரம் எதுவும் அன்று குறுக்கே வரவில்லை. ஏன் அவ்வளவு வேகம்? கரைவேட்டிதான் இங்கே அரசியல்வாதியின் சீருடை. அன்று அவமானப்பட்டது ஆட்சியில் இருப்பவர்களின் இடுப்புத் துணி. மற்ற எல்லா வகையிலும் உள்ளே போகத் தகுதி பெற்றவர்கள் துணியால் மட்டும் தடுக்கப்பட்டார்கள். துணிக்குக் கதவு திறந்தது. அந்த வேட்டிக்குள் இருப்பவர் யார் என்று பெட்டிக்குள் விழும் உருண்டையைப் பற்றி அந்தச் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை.

அதே வேட்டியின் இன்னொரு வரலாறும் நமக்குத் தெரியும். 1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி தொங்கக் கட்டக்கூடாது, சட்டை போடக்கூடாது, பெண்கள் மேலாடை போடக்கூடாது, தங்க வெள்ளி நகை கூடாது, குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது. ஹட்டன் எழுதிய சாதி பற்றிய நூலில் இது பதிவாகியிருக்கிறது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன. தமிழர் பண்பாட்டு உடை என்று 2014இல் சட்டம் காத்த அதே வேட்டியை முழங்காலுக்குக் கீழே இறக்கிக் கட்டியதற்காக நம் தாத்தாக்கள் அடிவாங்கியிருக்கிறார்கள். சட்டசபையில் வேட்டியின் பெருமை முழங்கிய அந்த நாள்களில் இதையும் ஒருவர் எழுந்து சொல்லியிருக்கலாம்.

சரி, கிளப் தனியார் இடம் என்ற வாதத்தையே கொஞ்சம் நோண்டிப் பார்ப்போம். அது நிற்கும் மண் யாருடையது? மயிலாப்பூர் கிளப் இருப்பது கபாலீசுவரர் கோயில் நிலத்தில். வாடகைத் தகராறு உயர்நீதிமன்றம் வரை போனது. கிண்டியில் மெட்ராஸ் ரேஸ் கிளப் வைத்திருந்தது 160 ஏக்கர் அரசு நிலம். 1946 முதல் 99 ஆண்டுக் குத்தகை, ஆண்டு வாடகை 614 ரூபாய். ஒரு வீட்டுமனைப் பட்டாவுக்கு நம் மக்கள் எத்தனை முறை தாலுகா அலுவலகம் ஏறி இறங்குகிறார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குத்தகையை அரசு 2024 செப்டம்பரில்தான் ரத்து செய்தது. டெல்லியில் மந்திரிகளும் செயலாளர்களும் ராணுவத் தளபதிகளும் புழங்கும் ஜிம்கானா கிளப், 1913இல் தொடங்கியது, 27 ஏக்கர் அரசு நிலத்தில் நிற்கிறது. உறுப்பினராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருப்பவர்கள் உண்டு. உறுப்பினர்களின் பிள்ளைகளுக்கோ தனி வழி. 2022இல் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் அதன் நிர்வாகத்தை மத்திய அரசிடம் ஒப்படைத்தது. சாராய உரிமமும் அரசு தருவதுதான்: தமிழ்நாட்டில் மனமகிழ் மன்றங்களுக்கு எஃப்.எல்.2 உரிமம். நிலம் பொது, உரிமம் பொது, சாலை பொது, தண்ணீர் பொது. உறுப்பினர் பட்டியல் மட்டும் தனியார்.

எங்கள் அனுபவம் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நூல் வெளியீட்டுக்காக ஓர் ஊரில் மனமகிழ் மன்றம் ஒன்றின் கூடத்தை வாடகைக்குக் கேட்டோம். கல்யாண நிச்சயதார்த்தங்களுக்குக் கொடுக்கிற கூடம்தான். தேதி காலியாக இருக்கிறது என்றார்கள், முன்பணமும் வாங்கிக்கொண்டார்கள். அழைப்பிதழில் அம்பேத்கர் படத்தைப் பார்த்த மறுநாள், அன்று பராமரிப்பு வேலை என்று போன் வந்தது. முன்பணத்தை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு கடுஞ்சொல் இல்லை. காபி கூடக் கொடுத்தார்கள். அன்றைக்கு எங்களுக்கு வழக்குப் போட ஒரு வாக்கியம் கூடக் கிடைக்கவில்லை. விழாவை ஆற்றங்கரை மரத்தடியில் நடத்தினோம். எங்களில் ஒரு தோழர், அரசு வேலையில் பெரிய பொறுப்பில் இருந்தவர், அன்று ஒன்று சொன்னார். தனக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் ஊர் மன்றத்தில் உறுப்பினர்கள். மாறுதல், ஒப்பந்தம் எல்லாம் அவர்கள் ராத்திரி அங்கே பேசி முடித்த பிறகு காலையில் தன் மேசைக்குக் கோப்பாக வரும். தான் கையெழுத்துப் போடுவதோடு சரி. இடஒதுக்கீடு நம்மை அலுவலகத்துக்குள் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டது. அலுவலகம் மாலை ஆறு மணிக்கு இடம் மாறிவிடுகிறது.

இதற்கு என்ன செய்வது என்று மாணவர்கள் கேட்கிறீர்கள். உறுப்பினர் ஆவதற்காகப் போராடச் சொல்லவில்லை, அது யாருக்கு வேண்டும்! மண்ணைக் கேட்போம். உங்கள் ஊர் மன்றம் எந்தச் சர்வே எண்ணில் நிற்கிறது, நிலம் அரசுடையதா, கோயிலுடையதா, நகராட்சியுடையதா, குத்தகை எப்போது முடிந்தது, வாடகை எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று தகவல் உரிமைச் சட்டத்தில் தாலுகா அலுவலகத்துக்கும் அறநிலையத் துறைக்கும் தனித்தனியாக எழுதுங்கள். பத்து ரூபாய்க் கட்டணம்தான். மன்றம் சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிவானதாக இருந்தால் அதன் துணைவிதிகளின் நகலை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். சேர்க்கை விதி எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று வரிவரியாகப் படியுங்கள். நம் அரங்கு இந்தப் பகுதியில் நான்கு மன்றங்களைப் பற்றி மனுப் போட்டது. இரண்டுக்குப் பதில் வந்தது. ஒன்றில் குத்தகை முடிந்து பல ஆண்டுகள் ஆகியும் புதுப்பிக்கவில்லை என்று எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இன்னொன்றில் ஆவணம் கிடைக்கவில்லை என்று ஒரே வரி. மீதி இரண்டுக்கும் முதல் மேல்முறையீடு செய்திருக்கிறோம். நகல்கள் புத்தக மேசையில் இருக்கின்றன, மனு எழுதும் மாதிரியும் இருக்கிறது. போகும்போது எடுத்துக்கொள்ளுங்கள்.